டிஷ்யூ பேப்பரில் எழுதிய வெப்பநிலை

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். என் ஸ்காலர் ஒருவர் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது நடந்தது இது. அவர் தயாரித்த துத்தநாக ஆக்சைடு சாம்பிள்களில் ஒன்று மட்டும் சாயத்தை மற்றவற்றைவிட வேகமாகச் சிதைத்தது. மறுபடி செய்தால் வரவில்லை.

"அன்னைக்கு ஃபர்னஸ் எத்தனை டிகிரிம்மா?" என்றேன்.

"நானூறா, நானூத்தம்பதான்னு தெரியலை சார். டிஷ்யூ பேப்பர்ல குறிச்சு வச்சிருந்தேன்."

அந்தப் பேப்பர் லேப் கோட்டோடு சேர்ந்து துவைபட்டுக் கூழாகியிருந்தது. வெப்பநிலையை மாற்றி மாற்றி இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் பார்த்தால் சிக்கல் வெப்பநிலையிலேயே இல்லை. புது பாட்டில் வருவதற்கு முன் அலமாரியில் கிடந்த பழைய சிங்க் அசிடேட்டை மூலப்பொருளாக எடுத்திருக்கிறார்! அதையும் எங்கும் எழுதவில்லை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆறு மாதமாக அவர் நோட்டை நானும் திறந்து பார்க்கவில்லை.

இப்போது எங்கள் லேபில் பைண்டு செய்த, பக்க எண் போட்ட நோட்டுதான். தேதி, எடை, எந்த பாட்டில், அதன் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), எல்லாம் வேலை நடக்கும்போதே பேனாவால். தப்பாக எழுதினால் ஒரே கோடு; ஒயிட்னர் கூடாது. சொதப்பிய சோதனைகளையும் எழுத வேண்டும், அவைதான் பின்னால் அதிகம் தேவைப்படுகின்றன.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'சார் திருத்திய ஃபைனல்' என்று கோப்புகள் பெருகும். வருடம், மாதம், நாள் என்று பெயரைத் தொடங்கினால் அவை தாமாகவே வரிசையில் நிற்கும். அப்புறம், பென் டிரைவ் என்பது பேக்கப் அல்ல. கருவி அறை கம்ப்யூட்டர்களின் வைரஸ் எல்லாம் அதில்தான் வந்து சேர்கிறது.

கோர்ஸ் ஒர்க்கை எல்லோரும் எப்படியோ முடித்துவிடுகிறார்கள். ஆய்வேடு எழுதுவதுதான் தள்ளிப்போகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்பதால், நிறைய நேரம் இருப்பதுபோலத் தோன்றும். சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்கும் நாள் நெருங்கும்போது முன்னுரையைப் பிறர் எழுதியதிலிருந்து அங்கங்கே வெட்டி ஒட்டுவார்கள். எழுத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் 2018 விதிகளில், பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். உடனே சொல் மாற்றும் மென்பொருளைத் தேடுகிறார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கௌன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகி அச்சேறியதும் இப்படித்தான். சோதனை முறையை அந்த வாரமே இரண்டு பத்தி எழுதி வைத்தவர்களுக்கு இந்தக் கூத்து தேவைப்படுவதில்லை.

அந்தப் பெண் இப்போது ஃபர்னஸ் பக்கத்திலேயே நோட்டை வைத்து, நூல் கட்டிய பேனாவையும் தொங்கவிட்டிருக்கிறார். நோட்டு பத்திரமாக இருக்கிறது. பேனாவை மட்டும் இதுவரை மூன்று தடவை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.