பழுதில்லாத கேமராவை சர்வீஸுக்குக் கொண்டுவராதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத காம்பாக்ட் கேமரா, பாடியில் ஒரு கீறல் இல்லை. "அண்ணா, லென்ஸ்ல ஏதோ கோளாறு இருக்கு. பொண்ணு அரங்கேற்றம் முழுக்க இதுலதான் எடுத்தேன், ஒண்ணுகூட தெளிவா இல்ல" என்று அந்த அம்மா மெமரி கார்டை நீட்டினார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மேடைப் படங்களில் கையும் முகமும் இழுபட்டுக் கிடந்தன, இழுபடாத இடமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. அதே கார்டில், மொட்டை மாடியில் காலை வெயிலில் எடுத்த கிளியின் படமும் இருந்தது. அதில் இறகை எண்ணலாம்.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு மாடல்களை எதிரெதிரே வைத்துப் பார்த்துவிட்டு, எதில் ஜூம் எண் பெரியதோ அதை வாங்கியிருக்கிறார். விலையும் குறைவு. கடையில் யாரும் "எதற்கு வாங்குகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. அரங்கேற்றம் முடிந்துவிட்டது, அதை நான் எந்த ஸ்க்ரூவைக் கழற்றியும் திருப்பித் தர முடியாது.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டி கேமரா சர்வீஸ் செய்கிற யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லாத கேமராக்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. டிஎஸ்எல்ஆர் என்றால் "வேறு லென்ஸ் போடுங்க" என்று சொல்லி அனுப்பலாம். காம்பாக்ட்டில் லென்ஸ் பாடியோடு ஒட்டிப் பிறந்தது. வாங்கிய அன்று எடுத்த முடிவுதான் கடைசி வரைக்கும்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு நல்ல கேமராக்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 2018இல் வந்தது. பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 3 அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. முதலாவது 299 கிராம், இரண்டாவது 304 கிராம். இரண்டிலும் அதே என்பி-13எல் பேட்டரி, அதே டிஜிக் 8 பிராசஸர், மேலே மடங்கும் 3 அங்குலத் திரை. இரண்டும் 4கே வீடியோ எடுக்கும். பெட்டியில் முதலாவதில் 20.3 மெகாபிக்சல், 40எக்ஸ் ஜூம் என்றும் இரண்டாவதில் 20.1 மெகாபிக்சல், 4.2எக்ஸ் என்றும் போட்டிருக்கும். எண் சிறியதாக இருக்கும் இரண்டாவதுக்குத்தான் விலை அதிகம். "அப்ப முதல் கேமராதானே சார் லாபம்?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அப்படிக் கேட்க வைக்கும்படிதான் பெட்டியை அச்சடித்திருக்கிறார்கள்.

மெகாபிக்சலை முதலில் பார்ப்போம், இதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தொண்டை வறண்டுபோகிறது. மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு மட்டும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சத்தை வாங்கியது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது சென்சார், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு. எஸ்எக்ஸ்740இன் சென்சார் 1/2.3 அங்குல வகை (அங்குலம் என்பது வகையின் பெயர்தான், உண்மை அளவு இல்லை), சுமார் 6.2க்கு 4.6 மி.மீ., பரப்பு 28 சதுர மி.மீ. ஜி7 எக்ஸில் இருப்பது 1 அங்குல வகை, 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பு 116 சதுர மி.மீ. நாலு மடங்கு. இருபது வீடுகளை நாலு கிரவுண்டில் கட்டுவதும், அதே இருபதை ஒரே கிரவுண்டில் நெருக்குவதும் ஒன்றா? வீட்டு எண்ணிக்கை சமம்தான், ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் சமமில்லை. வெயிலில் இந்த வித்தியாசம் தெரியாது. சபாவிலும், கல்யாண மண்டபத்தின் மூலையிலும், மின்விளக்கில் நடக்கும் சாமி புறப்பாட்டிலும் தெரியும்.

20 மெகாபிக்சலை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் யோசியுங்கள். 6க்கு 4 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்திலேயே 1800க்கு 1200 புள்ளி போதும். அது 2.2 மெகாபிக்சலைத் தாண்டாது. ஏ4 அளவுக்கு 9க்குள் அடங்கிவிடும். 4கே டிவி முழுவதையும் நிரப்ப 8.3 போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதற்கும் கீழே சுருக்கிவிடும். 20.3க்கும் 20.1க்கும் இடையில் சண்டை போட்டு ஒரு மாலையை வீணாக்குகிறவர்களைப் பார்க்கும்போது, தயவுசெய்து அந்த நேரத்தில் சென்சார் அளவைப் பாருங்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது.

ஜூமும் இதே கதைதான். 40எக்ஸ் என்றால் நாற்பது மடங்கு நல்ல கேமரா என்று பொருள் இல்லை. பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் லென்ஸ் கணக்கில் சொன்னால், 24 மி.மீ.யில் தொடங்கி 960 மி.மீ.க்குச் சமமான தூரம் போகிறது, 960ஐ 24ஆல் வகுத்தால் 40. இன்னொன்று 24இல் தொடங்கி 100இல் நிற்கிறது, அதனால் 4.2. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சாலையோரம் நின்று நடுத் தண்ணீரில் இருக்கும் பூநாரையை எடுக்கவேண்டும் என்றால் எஸ்எக்ஸ்740ஐத்தான் வாங்கச் சொல்வேன், அங்கே ஜி7 எக்ஸ் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நீள ஜூமுக்கு ஒரு விலை இருக்கிறது. முழு ஜூமில் அதன் லென்ஸ் எஃப் 6.9 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறியதாக ஆக, லென்ஸ் அகலமாகத் திறக்கிறது என்று பொருள்). ஜி7 எக்ஸ் தன் முழு ஜூமில் எஃப் 2.8 திறக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தில் ஆறு மடங்கு வித்தியாசம். ஜி7 எக்ஸில் 1/250 நொடியில் பிடிக்கும் அடவு, எஸ்எக்ஸ்740இல் அதே ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்கு சென்சாரைக் கூர்மையாக்கும் அளவு) 1/40 நொடி கேட்கும். 1/40 நொடிக்குள் ஆடுகிறவரின் கை எங்கெங்கோ போய்வந்துவிடும்.

"ஷேக் ஆகாம இருக்க ஸ்டெபிலைசர் இருக்கே?" என்பது அடுத்த கேள்வி. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். ஆடுகிற பிள்ளையை நிறுத்திவைக்காது.

கடைக்காரர் சொல்வதையும் பெட்டியில் இருப்பதையும் விட்டுவிட்டு, லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் கண் போவது அங்கேதான். எஸ்எக்ஸ்740இல் 4.3-172.0 மி.மீ. 1:3.3-6.9 என்று இருக்கும். ஜி7 எக்ஸில் 8.8-36.8 மி.மீ. 1:1.8-2.8. இரண்டாவது ஜோடி எண்கள் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்பவை, சிறியதாக இருந்தால் இருட்டுக்கு நல்லது. முதல் ஜோடியில் சென்சாரின் அளவு ஒளிந்திருக்கிறது. இது ஃபிலிம் கணக்கு இல்லை, லென்ஸின் உண்மையான மி.மீ. இரண்டு கேமராவும் ஒரே அகலத்தில்தான் தொடங்குகின்றன, ஆனால் அந்த அகலத்துக்கு ஒன்றுக்கு 4.3 மி.மீ. போதும், மற்றதுக்கு 8.8 வேண்டும். ஏனென்றால் அதன் சென்சார் பெரியது. வழக்கமான ஜூம் காம்பாக்ட்டில் வளையம் 4 சொச்சத்தில் தொடங்கினால் சின்ன சென்சார், 8லிருந்து 10க்குள் தொடங்கினால் 1 அங்குலம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அந்த வளையத்தில் ஒரே ஒரு மி.மீ. எண் மட்டும் இருந்தால், அந்தக் கேமராவில் ஆப்டிக்கல் ஜூமே கிடையாது. ஆன்லைனில் நாலாயிரம், ஐந்தாயிரத்துக்கு "64 மெகாபிக்சல், 4கே, 16எக்ஸ் ஜூம்" என்று விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஜூம் பொத்தானை அழுத்தினால் லென்ஸ் அசையாது, திரையில் படம் மட்டும் பெரிதாகும். இருக்கிற படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அந்த 16எக்ஸ். 64 மெகாபிக்சலும் அப்படித்தான், சென்சார் தருவது அதில் ஒரு சிறு பங்கு, மீதிப் புள்ளிகளை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. பிறந்தநாளுக்குப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் விருப்பம். உங்கள் ஃபோனைவிட நல்ல படம் வரும் என்று நம்பி வாங்காதீர்கள். அதைச் சொல்லும்போதே இன்னொன்று: இன்றைய நடுத்தர விலை ஃபோன்கள் பலவற்றில் முதன்மைக் கேமராவின் சென்சார் 1/2.3 அங்குலத்தைவிடப் பெரியது. இருட்டில் எடுக்கத்தான் வேண்டும் என்றால், சின்ன சென்சார் காம்பாக்ட்டுக்குப் பணம் போடுவதற்கு முன் ஃபோனில் நைட் மோடில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த எஸ்டி கார்டைக் கொண்டுபோங்கள். டிஸ்பிளேயில் இருக்கும் இரண்டு கேமராக்களிலும் அதே இடத்தில், அதே ஆளை, அதே நிமிடத்தில் எடுங்கள். கடைக்குள் விளக்கு வெள்ளமாக இருக்கும், அதில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். மேசைக்கு அடியில், அலமாரி இடுக்கில், வாசலில் ஓடும் ஸ்கூட்டரை, முழு ஜூமில் எதிர்க்கடை போர்டை எடுங்கள். அங்கேயே திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பிரகாசமான திரை மோசமான படத்தையும் அழகாகக் காட்டும். கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய் டிவியிலோ லேப்டாப்பிலோ பாருங்கள். அடுத்த நாள் வாங்கினால் கேமரா எங்கும் ஓடிவிடாது. திரையைச் சோதிக்க வேண்டுமானால் மதிய வெயிலில் வாசலுக்குக் கொண்டுவந்து, ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். நான் சொன்ன இரண்டிலுமே வியூஃபைண்டர் கிடையாது. வீடியோ எடுப்பவராக இருந்தால் வெளி மைக் செருக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜி7 எக்ஸில் இருக்கிறது, எஸ்எக்ஸ்740இல் இல்லை. படத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் திருத்துகிறவர்கள் ரா கோப்பு (சென்சார் பதிந்ததைக் கேமரா திருத்தாமல் தரும் கோப்பு) கிடைக்குமா என்று பார்க்கவேண்டும், இதிலும் பதில் அதேதான்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகளிடம் இன்னொரு மோகம் வந்திருக்கிறது, சிசிடி என்ற பழைய வகை சென்சார் வைத்த கேமரா. அந்த நிறம் பிடித்திருக்கிறது என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு பழைய கேமராக்களுக்கு இடையில் தேர்ந்தெடுக்கும்போது, எது அழகாக இருக்கிறது என்பதற்கு முன்னால் எதற்கு கார்டும் பேட்டரியும் கிடைக்கும் என்று பாருங்கள். 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஎச்சி வகை கார்டு வந்தது 2006இல். அதற்கு முந்தைய கேமராக்கள் பல, 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் போட்டால் திணறும். எக்ஸ்டி என்ற வேறு வகை கார்டு போடுகிறவை என்றால் அந்தக் கார்டை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. 2000களின் தொடக்கத்தில் விற்ற பல மாடல்களில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் சிசிடியின் உள் இணைப்பு விட்டுப்போகிறது என்று 2005இல் பல நிறுவனங்களே அறிவித்தன. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர் எது என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செகண்ட்ஸ் வாங்கும் முன் டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது ஃபங்கஸ், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், கறுப்புத் திட்டு தெரிந்தால் சென்சாரில் தூசி. ஜூமைப் பலமுறை முன்னும் பின்னும் ஓட்டி, கரகர சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

புதிதோ பழையதோ, மணலில் ஆன் செய்யாதீர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாலைக் காற்று மணலோடுதான் வரும். நீட்டிய லென்ஸ் உள்ளே போகும்போது அந்த மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. திரையில் "லென்ஸ் எரர்" என்று வந்து நிற்கும் கேமராக்களைப் பிரித்தால் பெரும்பாலும் கடற்கரையைத்தான் பார்க்கிறேன். அப்படி நின்றுவிட்டால் விரலால் தள்ளி உள்ளே போடாதீர்கள், கியரின் பல் உடைந்தால் லென்ஸ் யூனிட்டையே மாற்றவேண்டும், அதற்கு ஆகும் செலவில் பாதிக் கேமரா வாங்கிவிடலாம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், குளிர்ந்த லென்ஸில் ஈரம் படியும், அரை மணி நேரம் போகட்டும். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டிவைப்பது ஃபங்கஸுக்கு விருந்து. காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்து நாலு படம் எடுங்கள்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து முறைப்படி வந்த பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எம்ஆர்பியும், மாதமும் ஆண்டும் ஒட்டியிருக்கவேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லாத கேமராவுக்கு இங்கே வாரண்டி கேட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடிக்கு அடியில் இருப்பதும் பில்லில் எழுதியதும் ஒன்றுதானா என்று கடையிலேயே சரிபாருங்கள். விசேஷத்துக்காக வாங்குகிறவர்கள், தயவுசெய்து குறைந்தது இரண்டு வாரம் முன்னால் வாங்குங்கள். அதே மண்டபத்தில், அதே விளக்கில், ஒத்திகை நாளன்று உட்காரப்போகும் இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் மாற்றுவதற்கு நாள் இருக்கும், முன்வரிசையில் இடம் கேட்டு வாங்குவதற்கும் நாள் இருக்கும்.