ரெண்டு ரூலும் சரி, சேர்ந்தாத்தான் கூத்து: டேபிள்ல கேம் நடத்துற ஆக்களுக்கு

எனக்கு வேலை சாப்ட்வேர் டெஸ்டிங், லீவு நாள்ல வெள்ளவத்தையில ஒரு பிளாட்ல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமா டைஸ் உருட்டி மேசையில விளையாடுற கதை கேம்) நடத்துறன், ரெண்டு இடத்திலயும் ஒரே தலையிடிதான். புதுசா கேம் நடத்தத் தொடங்கின தம்பி தங்கச்சியள் வந்து "அக்கா, புத்தகத்திலயே பிழை இருக்கு, என்ன செய்யிறது" எண்டு கேக்கினம். அநேகமா பிழை இருக்கிறேல்ல. ஒவ்வொரு ரூலையும் தனிய வாசிச்சா வடிவாத்தான் இருக்கும், ஒண்டோட ஒண்டு முட்டுற இடத்திலதான் வில்லங்கம்.

வேலையில பாத்தா, டிஸ்கவுண்ட் தனிய சரி, ரிஃபண்ட் தனிய சரி, டிஸ்கவுண்ட்ல வாங்கின சாமானைத் திருப்பிக் குடுத்தா முழு விலையும் கையில வருது. அப்பிடித்தான். 100 ரூல் இருந்தா ரெண்டு ரெண்டா சேக்க 4,950 சோடி வரும், 300 எண்டா 44,850. இந்தக் கேமிட 2014 ரூல் புத்தகம், பிளேயர்ஸ் ஹாண்ட்புக்கில, மந்திரங்களே 300க்கு மேல இருக்கு, இதை எந்தக் கம்பனியும் ஒவ்வொண்டா இருந்து பாத்து முடிக்கேலாது.

எங்கட டேபிள்ல நடந்த ஒண்டைச் சொல்லுறன். மதிலுக்கு மேல கொப்ளின் தலைவன், 400 அடி தூரம். லோங்போ எண்ட நீட்டு வில்லு 150 அடி வரைக்கும் சாதாரணமா அடிக்கும், 600 வரைக்கும் போகும், ஆனா 150 தாண்டினா டிஸ்அட்வான்டேஜ், அதாவது ரெண்டு டைஸ் உருட்டிக் குறைஞ்சதை எடுக்கோணும். வில்லுக்காரத் தம்பி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மந்திரவாதியா விளையாடுற பிள்ளையிட்ட "எனக்கு மேல ஃபாக் கிளவுட் போடு" எண்டுறான், புகாரால மூடுற மந்திரம் அது. எல்லாரும் சிரிக்கினம், புகாருக்குள்ள நிண்டு என்னத்தை அடிக்கப்போறாய் எண்டு. அவன் சொல்லுறான், "அக்கா, எனக்கு அவனைத் தெரியேல்ல, அது டிஸ்அட்வான்டேஜ். தூரம், அதுவும் டிஸ்அட்வான்டேஜ். ஆனா அவனுக்கும் என்னைத் தெரியேல்லத்தானே, அது எனக்கு அட்வான்டேஜ். ஒண்டு இருந்தாலே காணும், எத்தினை டிஸ்அட்வான்டேஜ் எண்டாலும் எல்லாம் வெட்டிப் போகும். நோர்மலா ஒரு டைஸ்."

அட்வான்டேஜ் எண்டா ரெண்டு டைஸ் உருட்டிக் கூடினதை எடுக்கிறது. புத்தகப்படி அவன் சொன்னது அச்சொட்டா சரி. வெயிலுக்க நிண்டு அடிக்கிறதை விட புகாருக்குள்ள கண் தெரியாம அடிக்கிறது சுகம்!

இதில அவனைக் கள்ளன் எண்டு பாக்கிற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது பிடிக்காது, ஒபிஸில பக் கண்டுபிடிச்சு எழுதுறவளுக்குச் சம்பளம் தாறாங்கள், இவனுக்கு ஏச்சா? ஆனா தீர்ப்புச் சொல்லேக்கதான் கவனம் வேணும், ஏனெண்டா உங்கட தீர்ப்பும் ஒரு புது ரூல், அதுவும் மற்ற எல்லாத்தோடயும் போய் முட்டும். அந்த இடத்தில எல்லாருக்கும் முதல்ல வாற ஐடியா "அப்ப அட்வான்டேஜையும் டிஸ்அட்வான்டேஜையும் எண்ணிக் கழிப்பம்" எண்டதுதான். செய்யாதேங்கோ. அது கேமிட அடித்தளத்தில கை வைக்கிற வேலை, ரோக் எண்ட கள்ளப் பாத்திரத்திட ஸ்னீக் அட்டாக் (மறைஞ்சு குத்துற கூடுதல் அடி) கனக்க அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ் இருக்கா இல்லையா எண்டதில தொங்குது, பேந்து ஒவ்வொரு அடிக்கும் கூட்டல் கழித்தல் செய்துகொண்டு இருப்பீங்கள், ஒரு சண்டை விடியும் வரைக்கும் போகும். நான் போட்டது சின்ன ஒட்டு: ஆளைத் தெரியேல்லையெண்டா நோர்மல் ரேஞ்சுக்கு அங்கால அடிக்கேலாது. அவ்வளவுதான், வேற ஒண்டையும் தொடேல்ல. கொப்ளினுக்கும் அதே ரூல். வாட்ஸ்அப் குரூப்பில எழுதி பின் பண்ணியாச்சு.

முந்நூற்றிநாலு விளையாடுற வீடுகள்ல சீட்டுப் போட முதலே "எங்கட வீட்டில இப்பிடித்தான்" எண்டு சொல்லிப்போடுவினமே, அதே பழக்கம் இங்கயும் வேணும்.

எல்லாத்துக்கும் ஒட்டுப் போடவும் தேவையில்ல. ஆயிரக்கணக்கான ஊர்ச்சனத்தை வரிசையா நிப்பாட்டி, ரெடி அக்ஷனால (இன்னது நடந்தா உடன இதைச் செய்வன் எண்டு ஆயத்தமா நிக்கிறது) ஒரு ஈட்டியைக் கைமாத்தி, ஆறு செக்கனுக்குள்ள கடைசி ஆள் வரைக்கும் கொண்டுபோய் எறிஞ்சு கோட்டையை உடைக்கிற கதை ஒண்டு கனகாலமாச் சுத்துது. அதில கைமாத்துறதுக்கு மட்டும் ரூலைப் பிடிக்கிறது, எறியேக்க பிசிக்ஸுக்குத் தாவுறது. கடைசி வரைக்கும் ரூலிலயே நிண்டா அந்த ஈட்டி மற்ற ஈட்டி மாதிரித்தான் அடிக்கும், முடிஞ்சுது கதை. கேம் நடத்துற ஆக்களுக்கு வந்த 2024 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடிலயே ரூல் எண்டது பிசிக்ஸ் இல்லையெண்டு இதை வெளிப்படையாச் சொல்லியிருக்கு. 2003இல வந்த 3.5 பதிப்பில இன்னொண்டு, ஹிட் பொயிண்ட் (உயிர்க் கணக்கு) மைனஸ் எட்டில சாகக் கிடக்கிறவனைத் தண்ணியில அமத்தினா பூச்சியத்துக்கு வருவான், ஏனெண்டா மூழ்கினா ஹிட் பொயிண்ட் பூச்சியம் எண்டு மட்டும் எழுதிப்போட்டாங்கள், கீழ கிடக்கிற ஆளை யோசிக்கேல்ல. இதுக்கெல்லாம் சிரிச்சுட்டு "இல்லை" எண்டால் காணும்.

இப்ப என்னட்ட வாற கேள்வியள்ல கனக்க வேற காரணத்தால வருது. புத்தகம் வாங்கிற விலையில இல்ல, அதால எல்லாரும் சும்மா கிடைக்கிற எஸ்ஆர்டி (கம்பனியே வெளியிட்ட அடிப்படை ரூல் தொகுப்பு) பிடிஎஃப்தான் போனில வச்சிருக்கினம், அதில 5.1 எண்டது 2014 ரூல், 2025இல வந்த 5.2 எண்டது 2024 ரூல். ரெண்டிலயும் சொல் ஒண்டு, வேலை வேற. பழையதில இன்விசிபிள், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஆளை மந்திரத்தால கண்ணாலயே கண்டாலும் அவனுக்கு அடிக்கேக்க டிஸ்அட்வான்டேஜ் அப்பிடியே நிக்கும், எழுத்துக்கு எழுத்து வாசிச்சா அப்பிடித்தான் வரும். புதுசில உன்னைக் காணக்கூடிய ஆளிட்ட அந்தச் சலுகை இல்லையெண்டு எழுதித் திருத்திட்டாங்கள். ஒரே மேசையில ரெண்டு பேர் ரெண்டு பிடிஎஃப் பாத்துக்கொண்டு அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சதைக் கண்டிருக்கிறன், ரெண்டு பேரும் சரி. அதால எவனாவது வித்தியாசமா ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்தா, ரூலை வாசிக்க முதல் அவன்ட போனை வாங்கி முதல் பக்கத்தில என்ன நம்பர் போட்டிருக்கு எண்டு பாருங்கோ.