தேங்காய் எண்ணெய் அரிவாள்மனைக்கு, துப்பாக்கிக்கு அல்ல

தேர்தல் அறிவித்தாலே எங்கள் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கூடிவிடும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. அத்தனை நாளும் துப்பாக்கி ஒரு மூலையில் சாய்ந்தபடியே கிடக்கும். திரும்ப வாங்கியதும் நேராக இங்கே வருவார்கள். "நல்லா எண்ணெய் போட்டுத்தான் கொடுத்தேன் சார், விசை இறுகிப்போச்சு" என்பார்கள். என்ன எண்ணெய் என்று கேட்டால் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான். சிலர் வீட்டில் கைக்குக் கிடைத்த நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ ஊற்றியிருப்பார்கள்.

சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். வாணலியின் வெளி விளிம்பில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் வராத பிசுக்கு இருக்கிறதே, அதேதான் விசைக்குள்ளும் படிகிறது. நல்லெண்ணெய், கடலை, சூரியகாந்தி மூன்றுக்கும் இந்தக் குணம் உண்டு. தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். கொடைக்கானல் எஸ்டேட்டிலிருந்து வரும் துப்பாக்கிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் உறைந்த எண்ணெயில் சிக்கி மெதுவாக நகரும், தோட்டாவின் அடியில் மெல்லிய தடம் மட்டும் விழும், வெடிக்காது. சமவெளியில் ஏசி அறைக்குள் வைத்தாலும் இதே கதை. போதாததற்கு, நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்த எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறுவது அதனால்தான்.

எண்ணெய் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, உலோகத்துக்கு நாம் கேட்பது மூன்று தனி வேலைகள். அழுக்கைக் கரைக்க வேண்டும், உராய்வைக் குறைக்க வேண்டும், துருவைத் தடுக்க வேண்டும். கரைப்பது மெலிதாக, ஆவியாகக்கூடியதாக இருக்கும். துருவைத் தடுப்பது கெட்டியாக ஒட்டி நிற்க வேண்டும். ஒரே புட்டியில் மூன்றையும் எதிர்பார்த்தால் ஏதாவது ஒன்றில் கைவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் அந்த நீல-மஞ்சள் ஸ்பிரே, டபிள்யூடி-40. 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க ஈரத்தை விரட்டும் திரவமாக உருவானது. பெயரிலுள்ள 40, நாற்பதாவது கலவை என்பதைக் குறிக்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கும் துருவில் இறுகிய போல்ட்டுக்கும் இதைவிட வசதியான பொருள் கிடையாது. அதில் பெரும்பகுதி கரைப்பான் என்பதால் அது ஆவியான பிறகு மிச்சமிருப்பது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அதை அடித்துவிட்டு மூன்று மாதம் நிம்மதியாக இருக்க முடியாது. அடித்து, துடைத்து, அதன் மேல் வேறு எண்ணெய் போடுங்கள். தோட்டா இருக்கும் இடத்தில் மட்டும் அடிக்கவே கூடாது. இப்படி ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமருக்குள், அதாவது தட்டியதும் தீப்பொறி தரும் பகுதிக்குள் இறங்கினால் தோட்டா செத்துவிடலாம்.

குறைவாகப் போட்டுக் கெட்டதைவிட, அதிகமாக ஊற்றிக் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கட்டை கீழே, குழல் மேலே என்று நிறுத்தி வைப்பது வழக்கம். ஊற்றிய எண்ணெய் குழலிலிருந்தும் லாக் எனப்படும் சுடும் பொறியிலிருந்தும் மெதுவாக இறங்கி, மரக்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் ஊறும். அந்தக் கழுத்துப் பகுதி கறுத்திருந்தால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் குடித்த மரம் மெத்தென்று அமுங்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அதிர்ச்சி நேராக அங்கேதான் இறங்கும், கட்டை விரிசல் விடும். இரும்பை மாற்றிவிடலாம், பழைய வால்நட் கட்டைக்கு மாற்றுக் கட்டை எங்கே போய்த் தேடுவது? எண்ணெய் போட்ட முதல் இரவு குழல் கீழே இருக்கும்படி ஒரு துணி மேல் நிறுத்தினால் போதும்.

ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அடுத்த அறையில் இருக்கட்டும். குழலைச் சுத்தம் செய்து நன்றாகக் காயவைத்து, துருத்தடுப்பு ஆயிலை பனியன் துணியில் தொட்டு உள்ளேயும் வெளியேயும் ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். அது கிடைக்காத ஊரில் வாசலின் போதும், வெட்கப்பட வேண்டாம். பூசிய பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. கடலோர ஊர்களில் மறுநாளே விரல் ரேகை துருவாகத் தெரியும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குழல் வாயில் துணியைத் திணிப்பவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே ஈரம் அடைபடும் என்பது சின்னப் பிரச்சினை. மறந்துபோய்ச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். திரும்ப வாங்கியதும், சுடும் முன் குழலுக்குள் இருக்கும் பூச்சைத் துடைத்து எடுப்பதும் கட்டாயம்.

குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்குக் கணக்கே வேறு. கருமருந்து எரிந்த கசடில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும், எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும். சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய். துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவச் சொன்னால் பலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஏர்கன் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க: ஸ்பிரிங் வகை ஏர்கனின் காற்று அறைக்குள் சாதாரண ஆயிலை விடக் கூடாது. பிஸ்டன் அழுத்தும் வேகத்தில் காற்று சூடேறி, டீசல் எஞ்சினில் நடப்பதுபோலவே அந்த ஆயில் பற்றிக்கொள்ளும். பட்டென்று சத்தம், புகை, பிறகு சீல் போய்விடும். அங்கே சிலிக்கான் ஆயில், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன அளவுதான். உயர் அழுத்தக் காற்று நிரப்பும் பிசிபி வகையில் பெட்ரோலிய ஆயில், கிரீஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது. இது சீல் போகும் விஷயமல்ல, ஆளுக்கே ஆபத்து.

இனி வீட்டுச் சாமான். தையல் மெஷின் ஆயில் நிறமில்லாத மெல்லிய மினரல் ஆயில். துணியில் கறை படியக் கூடாது என்பதற்காகவே அப்படி. கதவுக் கீல், கத்தரிக்கோல், திண்டுக்கல் பூட்டின் நெம்புகள் எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு போதும். துப்பாக்கியின் கீலுக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் துருவைத் தடுக்க அதை நம்பாதீர்கள். இன்றைய கதவுகளில் வரும் சிலிண்டர் பூட்டுக்கு எண்ணெயே வேண்டாம். தூசி சேர்ந்து உள்ளிருக்கும் பின்கள் சிக்கும். சாவியின் பற்களில் பென்சிலை அழுத்தித் தேய்த்து நாலைந்து முறை திருப்புங்கள். மின்விசிறி கிறீச்சிட்டால் மேலிருந்து ஆயில் விடும் பழக்கம் வேண்டாம். பெரும்பாலான விசிறிகளில் பேரிங் மூடியது, எண்ணெய் மோட்டாரின் கம்பிச் சுருளில்தான் வடியும். பேரிங் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வாசல் கேட்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் மெக்கானிக் கடையிலிருந்து கறுப்பு ஆயில் வாங்கிப் பூசுவது ஊரெங்கும் நடக்கிறது. எஞ்சினில் ஓடித் தீர்ந்த ஆயிலில் அமிலமும் இரும்புத் துகளும் கலந்திருக்கும், தோலுக்கும் கேடு. ஒரு டப்பா கிரீஸ் பெரிய செலவில்லை.

அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, மிக்சி ஜாரின் அடிப்பகுதி என்று உணவு படும் இடங்களுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய்தான் சரி. அங்கே மெஷின் ஆயில் கூடவே கூடாது.

துடைத்த துணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துப்பாக்கிக் கட்டைக்கும் மரச்சாமானுக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். நல்ல மெருகு தரும். அந்த எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு உள்ளேயே சேர்ந்து, நெருப்பே காட்டாமல் தானாகப் பற்றும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி வையுங்கள்.