நீலத்திரைக்கு ஃபார்மட் மருந்தல்ல

சென்ற வாரம் என் மேசைக்கு வந்த கணினி, நான்கு மாதங்களில் மூன்று முறை ஃபார்மட் (வட்டில் உள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடும் வேலை) செய்யப்பட்டிருந்தது. அதைக் கொண்டுவந்த அம்மையார், வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுச் சிறு கடைகளுக்கு டேலியில் கணக்கெழுதிக் கொடுப்பவர். முதன்முறை நீலத்திரை (விண்டோஸ் நிலைகுலைந்து நின்றுவிடும்போது தோன்றும் நீல நிறப் பிழைத்திரை) வந்தபோது, அவர் கொண்டுபோன கடையில் ‘வைரஸ்’ என்று சொல்லி ஃபார்மட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கெல்லாம், ஃபார்மட்டில் அழிந்துபோகும் சி டிரைவில்தான் இருக்கிறதா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றரை ஆண்டு உழைப்பு போயிற்று. பன்னிரண்டாம் நாள் மறுபடி நீலத்திரை, மறுபடி ‘வைரஸ்’, மறுபடி ஃபார்மட். “தம்பி, நாலாவது தடவையும் ஃபார்மட்தான்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற கம்ப்யூட்டரே வாங்கிக்கிறேன்” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம், நீலத்திரையைக் கண்டதும் வைரஸ் என்று சொல்லிவிடும் எங்கள் தொழில்காரர்களின் பழக்கத்தின்மேல்தான். இன்று வைரஸ் எழுதுபவருக்கு உங்கள் வங்கிக் கடவுச்சொல் வேண்டும், அல்லது உங்கள் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்க வேண்டும். இரண்டுக்கும் உங்கள் கணினி ஒழுங்காக ஓடினால்தான் அவருக்கு ஆதாயம். அரைமணிக்கொரு முறை படுத்துவிடும் கணினியில் அவர் எதைத் திருடுவார்? இயங்குதளத்தின் அடியாழம்வரை இறங்கும் சில தீநிரல்கள் நீலத்திரையை வரவழைப்பது உண்டு. ஆனால் வீட்டுக் கணினிகளில் அப்படிப்பட்டதை நான் பார்த்தது மிக அரிது. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நீலத்திரைகள் எரிந்தது நினைவிருக்கும். மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் அன்று வீழ்ந்தன. வீழ்த்தியது வைரஸ் அன்று. தாக்குதல்களைத் தடுப்பதற்கென்று நிறுவியிருந்த கிரவுட்ஸ்டிரைக் மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட்.

“ஆனால் ஃபார்மட் போட்டபின் பத்து நாள் நன்றாக ஓடியதே” என்பார்கள். ஓடத்தான் செய்யும். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் நிரல்கள் குறைவு, ரேமில் (ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பும் இடமும் குறைவு. ரேமில் பழுதான பகுதி இருந்தால், அதைத் தொடாமலே சில நாட்கள் கழிந்துவிடும். பிறகு பிரவுசரில் இருபது டேப், பக்கத்தில் டேலி, பின்னால் ஒரு வீடியோ என்று பழைய வாழ்க்கை திரும்பும்போது நீலத்திரையும் திரும்பும். இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. ரேம் பழுதாக இருக்கும்போது போடப்படும் விண்டோஸ், அந்தப் பழுதான ரேமின் வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது. ஆகவே பிறக்கும்போதே சில கோப்புகள் சிதைந்து பிறக்கலாம். போதாததற்கு, ஒவ்வொரு முறை கணினி வீழும்போதும் விண்டோஸ் தன் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் எழுதிவைக்கும் குறிப்பும் ஃபார்மட்டோடு அழிந்துவிடுகிறது. திருடன் போன தடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்வது போன்ற வேலை இது.

ஃபார்மட்டுக்கு முன் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டோம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரேமில் சந்தேகம் இருக்கும்போது அதே கணினியில் கோப்புகளை நகலெடுக்காதீர்கள். நகலும் சிதையக்கூடும், அது பல மாதம் கழித்து ஒரு படத்தைத் திறக்கும்போதுதான் தெரியவரும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி எடுப்பதே பாதுகாப்பு. விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் வட்டுப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும்; சாவி இல்லாமல் வட்டு வேறு கணினியில் திறக்காது. அந்த 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று, தொல்லை எதுவும் வராத இன்றைக்கே பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீலத்திரை வந்தால் என்ன செய்வது? முதலில் படியுங்கள். அதில் கீழே ‘ஸ்டாப் கோட்’ என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் ‘சிஸ்’ (.sys) என்று முடியும் ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். படிப்பதற்குள் கணினி மறுபடி கிளம்பிவிடுகிறது என்றால், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதிக்குப் போய், தானாக மறுதொடக்கம் செய்யும் தேர்வை நீக்கிவிடுங்கள். (2025-இல் விண்டோஸ் 11 இந்தத் திரையைக் கருப்பாக மாற்றிவிட்டது. நிறம்தான் மாறியது, நோய் அதேதான்.) திரையில் ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி, உடனே அழையுங்கள் என்று சொன்னால் அது நீலத்திரையே அன்று, பிரவுசரில் விரிக்கப்பட்ட மோசடி வலை. உண்மையான நீலத்திரை தொலைபேசி எண் எதையும் காட்டாது.

ஒவ்வொரு முறையும் ஒரே ஸ்டாப் கோடும் ஒரே கோப்புப் பெயரும் வந்தால், பெரும்பாலும் அந்தக் கோப்புக்குரிய டிரைவரில்தான் (கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைத்து இயக்கும் நிரல்) கோளாறு. அண்மையில் மாற்றிய டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புவதோ, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சரியான பதிப்பைப் போடுவதோ போதும். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்னும் இலவச மென்பொருள்களின் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். ‘இன்பேஜ் எரர்’ என்று வந்தால் வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். ஆனால் இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘பேஜ் ஃபால்ட்’, மறுநாள் ‘ஐ.ஆர்.கியூ.எல்.’ என்று ஸ்டாப் கோடு நாளுக்கொன்றாக மாறினால், என் சந்தேகம் முதலில் ரேம்மீதும் அடுத்து மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மீதும்தான் விழும்.

ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. அது பழுது என்று சொன்னால் நம்பலாம், நன்று என்று சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். மெம்டெஸ்ட்86 என்னும் ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, இரவு முழுக்க நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்வில் தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் (பட்டையைச் செருகும் இடம்) மாட்டிச் சோதியுங்கள். இல்லையென்றால் பழுது பட்டையிலா ஸ்லாட்டிலா என்பது தெரியாமலே போகும். கழற்றும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பட்டையின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். உப்புக்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் பாதிக் கணினிகள் இந்த ஒரு வேலையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. இதற்குக் கூலி கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நீலத்திரை வரத் தொடங்குவதற்குச் சற்று முன்பு கணினியில் என்ன மாற்றினீர்கள்? அந்த அம்மையாரிடம் கேட்டேன். டேலி மெதுவாக ஓடுகிறது என்று, ஐந்து மாதங்களுக்கு முன் கூடுதலாக 8 ஜி.பி. ரேம் வாங்கிப் போட்டதாகச் சொன்னார். அவருடைய கைப்பேசியில் நீலத்திரைப் படங்களே நான்கு இருந்தன. நான்கிலும் நான்கு வெவ்வேறு ஸ்டாப் கோடுகள். அன்றிரவு மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். இரண்டாம் சுற்றில் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. பழைய 4 ஜி.பி. பட்டை தனியாக நான்கு சுற்றும் தேறியது. புதியது அதே ஸ்லாட்டில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அதைக் கழற்றிவிட்டு, நானும் விண்டோஸைப் புதிதாகத்தான் போட்டேன், ஏனென்றால் முந்தைய மூன்றும் அந்தக் கெட்ட ரேமின் வழியாக வந்தவை. காரணத்தைக் களைந்த பின் போடும் ஃபார்மட்டோடு எனக்குச் சண்டை இல்லை. கணக்கு விவரங்களில், மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பேக்கப்பிலிருந்து இரண்டு கடைகளுக்குரியவை மட்டும் மீண்டன. மற்றவற்றை அவர் பில் கட்டுகளை வைத்து முதலிலிருந்து பதிந்துகொண்டிருக்கிறார். புது ரேமுக்கு உத்தரவாதம் இருக்கும், பில் இருந்தால் மாற்றித் தருவார்கள் என்று சொன்னேன். பில்லும் டப்பாவும் பீரோவில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைக் கழட்டிப் பாக்கலாம்னு ஒருத்தரும் சொல்லலையே தம்பி” என்றார்.