மோட்டாருக்குத் தலை எதற்கு?

"ஏங்கண்ணு, மோட்டாருக்குத் தலை முப்பது மீட்டருன்னு போட்டிருக்குதே, அதென்ன தலை?" என்று பெரியப்பா கேட்டார். பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வாங்கிய மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகவே சேர்ந்த) பம்போடு வந்த தமிழ்க் கையேட்டில் அப்படித்தான் இருந்தது: 'மொத்தத் தலை 30 மீ.' இந்தத் தலையை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை.

ஹெட் என்பதன் தமிழாக்கமாம். ஆலைச் சக்கரத்தை ஓட்ட மேட்டில் தேக்கிய தண்ணீரை ஆங்கிலத்தில் ஹெட் என்றார்கள். பிறகு அந்த உயரத்துக்கே அது பேராயிற்று; பம்பு தண்ணீரை ஏற்றும் உயரத்துக்கும் அதே பேர்தான். பூர்வீகம் அவ்வளவுதான்.

தலைக்குத் தமிழிலும் உச்சி என்ற பொருள் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு எப்போதோ வேறு பட்டா போட்டாயிற்று. கீழ்பவானி வாய்க்காலில் தலைமடை எது, கடைமடை எது என்று பொடியனுக்கும் தெரியும். அங்கே தலை என்பது தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம்; அது எத்தனை மீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. அதே கையேட்டில், குழாய் உராய்வில் குறைவதற்கு 'தலை இழப்பு' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். கொலைக் கேஸ் மாதிரி இருக்கிறது.

இன்னும் சிலர் 'அழுத்தம்' என்று போட்டுவிடுகிறார்கள். அதுவும் தப்பு. நல்ல தண்ணீரானாலும் கனமான சாயப்பட்டறை உப்புத் தண்ணீரானாலும் அந்தப் பம்பு ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் தள்ளும். அழுத்தம்தான் அடர்த்திக்குத் தக்கபடி மாறும். ஹெட்டை மீட்டரில் சொல்வதே அதற்காகத்தான்.

ஏற்றத்திலும், மாடு பூட்டிய கவலையிலும் தண்ணீர் இறைத்த ஊர்க்காரர்களுக்கு 'ஏற்றுயரம்' என்றால் போதாதா? உராய்வு எப்படி உயரமாகும் என்று கேட்டால், அதையும் ஏற வேண்டிய மேடாகவே கணக்கில் சேர்க்கிறோம். அதுதான் மொத்த ஏற்றுயரம்.

சரி, கணக்குக்கு வருவோம். தண்ணீருக்கு 10 மீட்டர் ஏற்றுயரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம்; கடையில் 'ஒரு கிலோ பிரஷர்' என்பது இதைத்தான். வேறு அழுத்த அலகுகளில் சொன்னால் 14.2 பிஎஸ்ஐ, 0.98 பார். ஆக 30 மீட்டருக்கு 2.94 பார். ஆங்கிலத்தில் பார் என்றால் கம்பி என்றும் பொருள் உண்டு; கையேட்டில் அது '2.94 கம்பி' ஆகியிருந்தது! அழுத்த அலகான பார் என்பது எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் பாரத்துக்குச் சொந்தம் போலத் தெரியும், சொந்தமில்லை. கம்பிக்கோ சுத்தமாக இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதற்குப் பேர் மொழிபெயர்ப்பா?

பெரியப்பாவிடம், "ஏறக்குறைய 100 அடிக்குத் தண்ணி ஏத்தும், பைப்பு உராய்வும் அதுல சேர்த்திங்க" என்றேன்.

"அட, அதைய அப்படியே எழுதறதுக்கென்ன?" என்று கையேட்டை மடித்துத் திண்ணையில் போட்டார்.