கழிவுநீரைத் தள்ளும் திருகாணி

ஆரையம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி மெல்பேர்ணுக்குத் தெற்கே, மோர்னிங்டன் தீபகற்பத்தின் கடலோரத்தில் வீடு வாங்கியிருக்கிறார். வீட்டுக் கழிவுநீரைத் தெருவில் போகும் பொதுக் குழாயோடு இணைக்க வேண்டும், அதற்கு முற்றத்தில் அரைத்துத் தள்ளும் பம்ப் ஒன்றைப் புதைக்க வேண்டும் என்று அவருக்குக் கடிதம் வந்ததாம். கூடவே பக்கம் பக்கமாக நிபந்தனைகள். மூடி இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும், பம்புக்குத் தனி மின்சுற்று வேண்டும், கூரைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது, பழைய செப்டிக் டாங்கியை மூட வேண்டும். “கழிவுநீர் தானாக ஓடாதா? அதை ஏன் அரைக்க வேண்டும்? மார்கழி மழைக்கு எங்கள் மலசலகூடத்தில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. இந்தப் பம்ப் எங்களுக்கும் சரிவருமா?” என்று கேட்கிறார் ரீச்சர்.

அந்த மார்கழித் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். எழுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, தெற்கே கல்முனை, சாய்ந்தமருது என்று எங்கே தோண்டினாலும் மணல்தான். பெய்யும் மழை அந்த மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. எங்கள் கிணறுகளெல்லாம் அந்த வில்லையில் இட்ட துளைகள்.

செப்டிக் டாங்கி வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரியும். திண்மம் அடியில் தங்கும், தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குப் போகும், அங்கிருந்து மணலுக்குள் இறங்கும். மணல் ஈரம் குறைந்து, துளைகளில் காற்றோடு இருந்தால்தான் அதிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று முடிக்கும். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் ஏறி உறிஞ்சு குழியைத் தொட்டுவிட்டால் காற்றுள்ள மணலே மிஞ்சாது. குழித் தண்ணீர் நேரே கிணற்றுத் தண்ணீரோடு கலக்கும். குழித் தண்ணீரும் நிலத்தடி நீரும் ஒரே மட்டத்தில் நிற்பதால் மலசலகூடத்திலும் தண்ணீர் இறங்காது. 2011 தை வெள்ளத்தில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் அப்படித்தான் நின்றது. கோடையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கழிவிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறி மணலைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கும். மணல் அதைப் பிடித்து வைக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. புட்டிப்பால் குடிக்கும் சிறு குழந்தைகளை மனதில் வைத்தே அந்த எல்லையை வகுத்தார்கள்.

இந்த இடத்தில் மனையடி சாஸ்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிணறு ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். மலசலகூடமும் குழியும் வாயு மூலையில், வடமேற்கில். ஒரு வீட்டை மட்டும் வரைந்து பார்த்தால் இரண்டும் தள்ளித்தான் இருக்கின்றன. பக்கத்து வளவையும் சேர்த்து வரையுங்கள். உங்கள் வடமேற்கு மூலை, மேற்கே உள்ள அயலவரின் வடகிழக்கு மூலையோடு ஒட்டி நிற்கிறது. ஒழுங்கையில் எல்லோரும் சாஸ்திரம் பார்த்துக் கட்டினால் ஒவ்வொருவர் குழியும் அடுத்தவர் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 10 பேர்ச்சஸ் காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கமே 52 அடிதான். அப்படியிருக்க நாலு பக்கத்துக் கிணறுகளிலிருந்தும் 50 அடி தள்ளிக் குழி தோண்ட இடம் எங்கே? இந்தச் சாஸ்திரத்தை நம்பி வீட்டுப் படம் வரைவதை நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலத்தடி நீர் திசை பார்த்து ஓடுவதில்லை, சரிவு பார்த்துத்தான் ஓடும்.

அப்படியென்றால் தெருவுக்குத் தெரு கழிவுநீர்க் குழாய் போடலாமே? வழக்கமான குழாயில் கழிவு தன் பாரத்தால் ஓட வேண்டும், அதற்குச் சரிவு வேண்டும். 150 மீற்றருக்கு 1 மீற்றர் சரிவு என்று வைத்தால் 1 கிலோமீற்றர் போவதற்குள் குழாய் ஏறக்குறைய 7 மீற்றர் கீழே போயிருக்கும். எங்கள் மணலில் மாரி காலத்தில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற இடங்கள் உண்டு. அங்கே 7 மீற்றர் தோண்ட, இரு பக்கமும் இரும்புத் தகடு இறக்கி, இரவும் பகலும் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அத்திவாரத்து மணலும் கூடவே வரும்.

கழிவுநீரைத் தள்ளிவிட்டால் சரிவே வேண்டாம். ஹார்வர்ட் பேராசிரியர் கோர்டன் ஃபேரின் யோசனை அது. அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் 1960களில் அதை ஆராய்ந்தது, 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க் மாநிலத்து அல்பனியில் சில வீடுகளில் வைத்துச் சோதித்தார்கள். குழாய்க்குள் அழுத்தம் இருந்தால் அது நிலத்தோடு சேர்ந்து மேடேறலாம், பள்ளம் இறங்கலாம். குடிநீர்க் குழாயைப் போல ஒரு மீற்றர் ஆழத்தில் புதைத்தால் போதும். அகலமும் அவ்வளவு வேண்டாம். வீட்டிலிருந்து வரும் குழாய் 32 மில்லிமீற்றர் இருந்தால் போதுமானது. ஆனால் அந்த ஒடுங்கிய குழாய்க்குள் போவதென்றால் கழிவு கூழாக இருக்க வேண்டும். அரைப்பது அதற்காகத்தான்.

முற்றத்தில் 250 லீற்றர் அளவுள்ள தொட்டி ஒன்று புதைந்திருக்கும். அதன் நடுவே 1 குதிரைவலு மோட்டர். மோட்டரின் அடியில், நிமிடத்துக்கு 1,400 தடவைக்கு மேல் சுற்றும் பல் வைத்த சக்கரம். அதைச் சுற்றி அசையாத உருக்கு வளையம். சக்கரத்துக்கும் வளையத்துக்கும் இடையே சிக்கியதெல்லாம் சில மில்லிமீற்றர் துண்டுகளாகிவிடும். அரைப்பது அவ்வளவுதான்.

அரைத்ததைத் தள்ளுகிற பகுதிதான் எனக்கு ஆசையான பகுதி. சில வகைகளில் சாதாரண விசிறிப் பம்ப் இருக்கும். மற்ற வகையில் இருப்பது ரெனே முவானோ என்ற பிரெஞ்சு விமானப் பொறியியலாளர் 1930 அளவில் கண்டுபிடித்த திருகாணிப் பம்ப்.

கல் கட்டாமல் விட்ட புடலங்காய் சுருண்டு வளருமே, அப்படி ஒரு உருக்குத் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே குறுக்கே வெட்டினாலும் வட்டமான துண்டுதான் வரும். ஆனால் அந்த வட்டத்தின் மையம் தண்டின் அச்சில் இராது, கொஞ்சம் விலகியிருக்கும். அடுத்த துண்டில் அது வேறு பக்கம் விலகியிருக்கும். இந்தத் தண்டு றப்பர் உறை ஒன்றுக்குள் சுழல்கிறது. உறையின் துளையைக் குறுக்கே வெட்டினால் கப்சூல் மருந்தின் நீள்வடிவம் தெரியும்: இரண்டு முனையும் அரைவட்டம், நடுவே நேர்ப் பக்கங்கள். அந்தத் துளையும் முறுகிக்கொண்டே போகும், ஆனால் தண்டு இரண்டு சுற்று முறுகும் நீளத்தில் துளை ஒரு சுற்றுத்தான் முறுகும்.

மோட்டர் தண்டைச் சுழற்றும்போது தண்டின் அச்சு ஒரு இடத்தில் நிற்பதில்லை. உறையின் உள்ளே அது எதிர்த் திசையில் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. இரண்டு சுழற்சியும் சேர்ந்தால் என்ன வரும் என்பதை அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம். விளிம்புள்ள தட்டு ஒன்றை எடுங்கள். அதன் உள் அகலத்தில் சரியாகப் பாதி அகலமுள்ள மூடி ஒன்றை, விளிம்போடு ஒட்டி வழுக்காமல் உள்ளே உருட்டுங்கள். மூடியின் ஓரத்தில் பேனையால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அந்தப் புள்ளியையே பாருங்கள். மூடி சுற்றிச் சுற்றி வருகிறது. புள்ளியோ தட்டின் நடுவே ஒரே நேர்கோட்டில் போய்ப் போய் வருகிறது! 13ஆம் நூற்றாண்டில் ஈரானிய அறிஞர் நசீருத்தீன் அத்தூசி, கோள்களின் அசைவை விளக்குவதற்காக இதைக் கண்டுபிடித்தார். முவானோவின் பம்பில் ஒவ்வொரு வட்டத்தின் மையமும் அந்தப் புள்ளிதான். வட்டம் துளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போய் நேராக வருகிறது. வானத்தைப் பார்த்துக் கண்டறிந்த கணிதம் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஓடுகிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

இன்னும் இருக்கிறது. துளையின் பரப்பிலிருந்து வட்டத்தின் பரப்பைக் கழித்தால் வருவதுதான் கழிவு நிற்கும் இடம். வட்டம் எந்த முனையில் நின்றாலும், நடுவில் நின்றாலும் அந்த மிச்சம் மாறாது. ஒரு பக்கம் எவ்வளவு சுருங்குகிறதோ மறுபக்கம் அவ்வளவு விரிகிறது. துளை முறுகியிருப்பதால் இந்த இடங்கள் நீளவாக்கில் மூடிய பைகளாகி, தண்டு சுழலச் சுழல மேலே நகர்கின்றன. வால்வு திறந்து மூடும் வேலை இல்லை. விட்டு விட்டு வராமல் ஒரே சீராக, நிமிடத்துக்கு 36 லீற்றர் அளவில் வரும்.

இந்தச் சீர் எங்கள் ஊருக்கு ஏன் முக்கியம்? மின்வெட்டை நினையுங்கள். நீண்ட நேரம் கரண்ட் இல்லை, தெருவில் எல்லாத் தொட்டியும் நிரம்பிவிட்டது. கரண்ட் வந்ததும் எல்லாப் பம்பும் ஒரே நேரத்தில் ஒரே குழாய்க்குள் தள்ளுகின்றன. அழுத்தம் ஏறுகிறது. விசிறிப் பம்ப் ஒரு அழுத்தத்துக்கு மேல் சுழன்றுகொண்டே நிற்கும், தண்ணீர் நகராது. திருகாணிப் பம்போ பையில் பிடித்ததை 40 மீற்றர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்கும், அளவு கொஞ்சம்தான் குறையும்.

இனித் தம்பியின் நிபந்தனைகளைப் பார்ப்போம். நீர் மட்டம் உயர்ந்த மணலில் புதைத்த வெறுந்தொட்டி ஒரு வள்ளம் மாதிரி. ஆள் இறங்கும் வாயும் சேர்த்து அது 1,000 லீற்றர் இடத்தை அடைத்தால், முழுக நீர் ஏறியபோது 1,000 கிலோ விசையோடு மேலே கிளம்பப் பார்க்கும். தொட்டியின் சொந்த நிறை 100 கிலோ என்றால் மிச்சம் 900 கிலோவை எதையாவது கட்டித்தான் அமர்த்த வேண்டும். கொங்கிரீட் கனமீற்றருக்கு 2,400 கிலோ. ஆனால் தண்ணீருக்குள் ஆர்க்கிமிடீஸ் 1,000 கிலோவைக் கழித்துவிடுவார், 1,400தான் மிஞ்சும். 900ஐ 1,400ஆல் பிரித்தால் மூன்றில் இரண்டு கனமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பாதுகாப்புக்காக முக்காலாகவே போட வேண்டும். அடியில் கொங்கிரீட் வளையம் போடச் சொல்வது இதனால்தான். எங்கள் பக்கம் இதை மிச்சம் பிடித்தால் முதல் மாரியிலேயே தொட்டி குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு எழும்பும்.

மூடியின் உயரம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கூரைத் தண்ணீரையும் முற்றத்து வடிகாலையும் தொட்டிக்குள் விடக்கூடாது, 36 லீற்றர் பம்பால் மழையோடு போட்டி போட முடியாது. காணி எல்லையில் குழாயைத் திறந்து மூடும் வால்வு ஒன்றும், கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் வேண்டும். தடுக்கும் வால்வு பழுதானால் தெரு முழுவதும் உள்ள அழுத்தம் உங்கள் தொட்டிக்குள் வந்துவிடும். தனி மின்சுற்றும் ட்ரிப் சுவிட்சும் வேண்டும், இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டி பழுதாகிற நாளில் மலசலகூடமும் நின்றுவிடும். தொட்டி நிரம்பி வழியப் போகிறதென்றால் விளக்கெரிந்து மணி அடிக்க வேண்டும். வீட்டில் நாளைக்கு 600 லீற்றர் கழிவுநீர் என்று வைத்தால், தொட்டியில் மிஞ்சும் 200 லீற்றர் இடம் சராசரியாக 8 மணி நேர மின்வெட்டைத் தாங்கும். செலவு பயப்படும்படி இல்லை: ஒரு நாளைக்கு 17 நிமிட ஓட்டம், மாதம் 8 யூனிட் அளவு.

குறைகளும் உண்டு. காற்றில்லாத குழாயில் கழிவு நீண்ட நேரம் கிடந்தால் ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். எங்கள் வெக்கையில் அது இன்னும் வேகமாக நடக்கும். அழுகிய முட்டை மணம் வரும், கொங்கிரீட்டையும் அரிக்கும். பம்ப் பழுதானால் யார் திருத்துவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வீட்டுக்காரரின் தலையில் கட்டினால் வசதி குறைந்த வீட்டில் பழுதான பம்ப் அப்படியே கிடக்கும். பம்ப் பொதுச் சொத்தாக, குடிநீர் மீற்றர் மாதிரி இருக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், இல்லையென்றால் அழுக்கைக் கிணற்றிலிருந்து எடுத்து வாவியில் விட்டதாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த ஒழுங்கையில் எந்த மாதத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்ற அளவு வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது. நூறு கிணறுகளை ஐந்து வருடம் கிழமைக்கு ஒருதரம் அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். மாணவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் நைத்திரேற்றுச் சோதனைக்குப் பணமும் போதும். பெரிய கட்டடங்களுக்குக் கிடைக்கிற பணத்தில் ஒரு துளி இதற்கு வருவதில்லையே என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

ரீச்சர், உங்கள் தம்பிக்கு ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். சக்கரம் எதையும் அரைக்கும் என்று நினைத்துக் குழந்தை துடைக்கும் ஈரத்தாள், தும்பு, பொரித்த எண்ணெய் எதையும் விட வேண்டாம். நார் சக்கரத்தில் சுற்றும், எண்ணெய் தொட்டியின் நீர்மட்டத்தை அறியும் மிதவையில் படிந்து எச்சரிக்கை மணியைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது மணல். கடற்கரைக்குப் போய்வந்த காலை வெளியிலேயே கழுவச் சொல்லுங்கள். அந்த மணல்தான் றப்பர் உறையைத் தேய்க்கும். உறை தேய்ந்தால் பைகள் ஒழுகும், மோட்டர் சுழன்றுகொண்டே இருக்கும், தொட்டி இறங்காது.