வட்டில்லாத கணினி எந்த இடத்தில் நிற்கிறது?

உள்ளே ஹார்டு டிஸ்க் கிடையாது, எஸ்எஸ்டி கிடையாது. ஆனாலும் பவர் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் லினக்ஸின் லாகின் திரை வந்துவிடும். இது ஒன்றும் புது வித்தை இல்லை. 1980-களின் நடுவிலேயே சன் நிறுவனத்தின் 3/50 பணிநிலையங்கள் இப்படித்தான் வட்டில்லாமல் ஓடின. கோப்புகள் எல்லாம் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக சர்வரிலிருந்து வந்தன. லினக்ஸில் இந்த முறையைப் பள்ளிக் கணினி அறைகள்வரை கொண்டுபோனது, ஜிம் மெக்குவிலன் 1999-இல் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டம். கிரேக்கத்தைச் சேர்ந்த அல்கிஸ் யோர்கோபுலோஸ் 2019-இல் அதை அடியோடு திரும்ப எழுதினார். இங்கே நான் சொல்வது அந்தப் புதிய எல்டிஎஸ்பியை வைத்துத்தான்.

30 கணினிகள் உள்ள ஓர் அறையில், மென்பொருளை ஒரே ஒரு சர்வரில் போட்டால் போதும் என்பது பெரிய சுகம். ஆனால் ஒரு கணினி கிளம்பாமல் நின்றுவிட்டால், கழற்றிப் பார்க்க வட்டும் இல்லை, படித்துப் பார்க்க அதற்குள் பதிவேடும் இல்லை. அது எந்தப் படியில் நின்றது என்பது ஒன்றுதான் தடயம். அதனால் படிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பவர் வந்ததும் முதலில் எழுந்திருப்பது நெட்வொர்க் கார்டின் பூட் ரோமில் இருக்கும் பிஎக்ஸ்இ என்ற குட்டி நிரல். நெட்வொர்க்கில் யார் இருக்கிறார்கள் என்றே அதற்குத் தெரியாது. எல்லோருக்கும் கேட்கும்படி “எனக்கு ஒரு ஐபி முகவரி வேண்டும்” என்று கத்தும். முகவரி பங்கிடும் டிஎச்சிபி சர்வர், முகவரியோடு, எந்த சர்வரிடம் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லும். அந்தக் கோப்பு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் வரும். பெரும்பாலும் அது ஐபிஎக்ஸ்இ என்ற இன்னொரு நிரல், பிஎக்ஸ்இயைவிடக் கெட்டிக்காரன். அதுவும் தன் பங்குக்கு ஐபி கேட்டு வாங்கி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும், அதன் கூடவே வரும் இனிட்ஆர்டி என்ற தொடக்கக் கருவித் தொகுப்பையும் இறக்கும். கெர்னல் எழுந்ததும் தன் சொந்த டிரைவரைக் கொண்டு கார்டைப் புதிதாக இயக்கி, மறுபடியும் ஐபி கேட்கும். அதன் பிறகுதான் சர்வரில் உள்ள, முழு இயங்குதளமும் அடங்கிய பெரிய இமேஜ் கோப்பை என்எஃப்எஸ் வழியாக இணைத்து, எழுதுவதற்கு ரேமில் ஒரு மெல்லிய அடுக்கை அதன்மேல் விரித்து, லாகின் திரையைக் காட்டும்.

ஆக, ஒரே கணினி மூன்று முறை ஐபி கேட்கிறது. மூன்று முறையும் கேட்பது வேறு வேறு நிரல். ஒன்றுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தானாகத் தெரியாது. “ஐபி வந்துவிட்டதே, அப்புறம் நெட்வொர்க்கில் என்ன கோளாறு இருக்கப் போகிறது?” என்று கேட்பவர்கள் வழுக்குவது இங்கேதான். வந்தது முதல் ஐபி மட்டும்தான்.

முதல் படியில் நின்றால் திரையே சொல்லிவிடும். பிழை எண் பிஎக்ஸ்இ-இ61 என்றால் கேபிளில் கோளாறு. இ51 என்றால் டிஎச்சிபியிலிருந்து பதிலே வரவில்லை. இ53 என்றால் ஐபி வந்தது, ஆனால் கோப்பின் பெயர் வரவில்லை. அறையில் இருக்கும் பிராட்பேண்ட் ரவுட்டர் முந்திக்கொண்டு ஐபி கொடுத்திருக்கும். அதற்கு பூட் கோப்பைப் பற்றி என்ன தெரியும்? ரவுட்டரின் டிஎச்சிபியை அணைக்க வேண்டும் என்றில்லை. சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை ப்ராக்ஸி (துணை) டிஎச்சிபியாக ஓடவிட்டால், ஐபியை ரவுட்டர் கொடுக்கும், கோப்பு விவரத்தை சர்வர் கொடுக்கும். இ32 என்றால் பெயர் கிடைத்தது, டிஎஃப்டிபி பதில் சொல்லவில்லை. சர்வரில் அந்தச் சேவை ஓடுகிறதா, அதற்கான 69-ஆம் போர்ட் எண்ணை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் மிகவும் ஏமாற்றும் கோளாறு, கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில்தான் இருக்கிறது. ஸ்பானிங் ட்ரீ இயங்கும் ஸ்விட்ச், கேபிள் செருகும் ஒரு போர்ட்டில் இணைப்பு உயிர்பெற்றதும் உடனே தரவை விடாது. வலையில் சுற்றுப்பாதை உருவாகிவிடுமோ என்று 15 நொடி கவனிக்கும், இன்னொரு 15 நொடி கற்றுக்கொள்ளும். பிஎக்ஸ்இ பொறுமைசாலி. 4, 8, 16, 32 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மொத்தம் ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கும், அதனால் தப்பித்துவிடும். ஆனால் ஒரு நிரலிலிருந்து அடுத்ததற்குப் பொறுப்பு கைமாறும்போது கார்டு ரீசெட் ஆகி இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால், ஸ்விட்ச் அந்த 30 நொடியை முதலிலிருந்து எண்ணும். அடுத்து வரும் நிரலுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. இரண்டாவது அல்லது மூன்றாவது ஐபியில் தடுக்கி விழும். பார்ப்பவர் கெர்னலைச் சந்தேகிப்பார். கணினிகள் செருகியிருக்கும் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டை இயக்கிவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது ஐபியில் நிற்பதற்கு இன்னொரு காரணம் டிரைவர். பிஎக்ஸ்இ பயன்படுத்தியது கார்டின் ரோமில் இருந்த டிரைவரை. கெர்னலுக்குத் தேவை இனிட்ஆர்டிக்குள் இருக்கும் டிரைவர். அது இல்லையென்றால் கெர்னலின் கண்ணுக்கு நெட்வொர்க் கார்டே கிடையாது. கெர்னலைக் கிளப்பும் கட்டளை வரியில், செய்திகளை மறைக்கும் ‘க்வயட்’, ‘ஸ்ப்ளாஷ்’ இரண்டையும் எடுத்துவிட்டு, டெபியன், உபுண்டு வகைகளில் ‘ப்ரேக்=மவுண்ட்’ என்று சேர்த்தால், இமேஜை இணைப்பதற்கு முன்பே கட்டளைகளை அடிக்க ஒரு ஷெல் கிடைக்கும். அங்கே ‘ஐபி ஏ’ என்று அடித்துக் கார்டு தெரிகிறதா என்று பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு சர்வரில் நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, டிஎச்சிபிக்கான 67-ஆம் போர்ட்டில் கோரிக்கை எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள்.

நிற்கவில்லை, ஆனால் ஆமை வேகம் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பி, “வந்து சேர்ந்தது” என்ற பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பாது. துண்டு 512 பைட். கெர்னலும் இனிட்ஆர்டியும் சேர்ந்து 100 எம்பி என்றால் கிட்டத்தட்ட 2 லட்சம் துண்டுகள். ஒரு துண்டு போய்ப் பதில் வர 1 மில்லிசெகண்டு என்றாலும் 200 நொடி ஆகும். இந்தத் தாமதத்தை எவ்வளவு விலையுயர்ந்த கேபிளும் குறைக்காது. துண்டை 1468 பைட்டாகப் பெரிதாக்கினால் 70 நொடிக்குள் வரும். ஐபிஎக்ஸ்இயை மட்டும் டிஎஃப்டிபியில் கொடுத்துவிட்டு மற்றதை எச்டிடிபியில் இறக்கச் சொன்னால் இந்தக் காத்திருப்பே போய்விடும். அப்போதும் ஒரு கணினி மட்டும் மெதுவாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்திருந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம்.

சரி, மேம்படுத்துவது? சர்வரில் அப்டேட் செய்தால் எல்லாக் கணினிகளும் புதிதாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கணினி இறக்கிக்கொள்வது சர்வரின் உயிருள்ள கோப்புகளை அல்ல, எடுத்து வைத்த நகல்களை. ‘எல்டிஎஸ்பி இமேஜ்’ என்ற கட்டளை இமேஜைச் செய்யும். ‘எல்டிஎஸ்பி கெர்னல்’ அதிலிருந்து கெர்னலையும் இனிட்ஆர்டியையும் டிஎஃப்டிபி அடைவுக்கு எடுத்து வைக்கும். ‘எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி’ அமைப்புக் கோப்பு, பயனர் பட்டியல், சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவி ஆகியவற்றைக் கட்டித் தரும். இமேஜ் புதிதாகியும் டிஎஃப்டிபி அடைவில் கெர்னல் பழையதாகவே இருந்தால், அந்தக் கெர்னல் புதிய இமேஜுக்குள் தனக்கான டிரைவர் மாட்யூல்களைத் தேடித் தோற்கும். ஒலி வராது, திரையின் அளவு கோணலாக நிற்கும். மூன்றாவது கட்டளையை மறந்தால் நேற்று சேர்த்த மாணவரால் லாகின் செய்ய முடியாது. கடவுச்சொல் தப்பு என்று அந்தப் பிள்ளையைத்தான் திட்டுவார்கள்.

வன்பொருளை மாற்றும்போது தொல்லை வேறு மாதிரி. கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல் பழையவற்றில் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. பயாஸ் கணினிக்கான பூட் கோப்பு யூஇஎஃப்ஐ கணினியில் ஓடாது. டிஎச்சிபி கோரிக்கையில் 93-ஆம் எண் விவரமாகக் கணினி தன் வகையைச் சொல்லும். 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64-பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்து வேறு வேறு கோப்பைக் கொடுக்கும்படி சர்வரை அமைக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் கையொப்பமில்லாத ஐபிஎக்ஸ்இயை அது உள்ளே விடாது. 32-பிட் மட்டுமே தெரிந்த பழைய பெட்டிகளுக்கு டெபியன் 12 வரைதான் வழி. 2025-இல் வந்த டெபியன் 13-இல் அவற்றுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை.

பழைய எல்டிஎஸ்பியில் நிரல்கள் சர்வரில் ஓடின, படம் மட்டும் கணினிக்கு வந்தது. 1024×768 திரையில் நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 566 மெகாபிட். இரண்டு பேர் வீடியோ பார்த்தால் கிகாபிட் இணைப்பு முடிந்தது. அதனால்தான் இப்போது நிரல்கள் கணினியிலேயே ஓடுகின்றன. அதற்கு விலையாக, மேம்படுத்தப் பணம் போடுவதென்றால் முதலில் ரேமில்தான் போட வேண்டும். எழுதும் அடுக்கும் ரேமில்தான், பிரவுசரும் ரேமில்தான், ரேம் போதாதபோது தரவை ஒதுக்கிவைக்கும் ஸ்வாப்புக்கு வட்டு இல்லை. ரேம் நிரம்பினால் மவுஸ் அம்புக்குறி அசையாமல் நின்றுவிடும். ரேமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும்.

புதிய இமேஜை வேறு பெயரில் செய்து, ஐபிஎக்ஸ்இ மெனுவில் ஒரே ஒரு கணினியில் மட்டும் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய இமேஜைக் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரில் அழித்துவிடாதீர்கள். அவை படித்துக்கொண்டிருக்கும் கோப்பே காலடியிலிருந்து போய்விடும். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் ஒரு கணினியில் மட்டும் எந்த வலைத்தளமும் சான்றிதழ் பிழையோடு திறக்க மறுத்தால் இமேஜைக் குடையாதீர்கள். மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும்.